தொப்புள்கொடி ரத்தப் பரிசோதனை அறிக்கை குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்

பொருள்: பிறந்த குழந்தையின் ரத்த அறிக்கையில் பெரியவர்களுக்கான அளவுகளைப் பயன்படுத்தியது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் மகள் பிறந்தபோது, தொப்புள்கொடி ரத்தத்தில் ஸ்ட்ரெஸ் ஹார்மோன்களையும் வளர்சிதை மாற்றக் குறியீடுகளையும் அளந்து தருவதாகத் தங்கள் நிறுவனம் விற்ற பரிசோதனைத் தொகுப்புக்கு முழுக் கட்டணமும் செலுத்தினோம். தாங்கள் அனுப்பிய அறிக்கையோ பச்சிளங்குழந்தைக்கு உரியதாக இல்லை.

ஸ்ட்ரெஸ் ஹார்மோனான கார்டிசால் 28 மைக்ரோகிராம் என அச்சிட்டு, அருகில் சிவப்பு எழுத்தில் 'அதிகம்' என்று குறித்திருக்கிறீர்கள். ஒப்பீட்டு அளவுக்கான கட்டத்தில் '5 – 25, காலை 8 மணி' என்றிருக்கிறது. இது பெரியவர்களின் காலை நேர அளவு. காலையில் ஏறி இரவில் இறங்கும் கார்டிசால் சுழற்சி குழந்தைகளுக்குப் பிறந்து சில வாரங்களோ மாதங்களோ ஆன பிறகே அமைகிறது. என் மகள் பிறந்ததோ நள்ளிரவுக்குப் பின். மேலும், வலி எடுக்கும் முன்பே நாள் குறித்துச் செய்யும் சிசேரியனில் பிறக்கும் குழந்தைகளைவிட, அவளைப் போல நீண்ட பிரசவ வலிக்குப் பின் சுகப்பிரசவத்தில் பிறக்கும் குழந்தைகளின் கொடி ரத்தத்தில் கார்டிசால் கூடுதலாக இருப்பது இயல்பு. பிரசவம் எவ்வகை என்று தங்கள் படிவம் கேட்கவே இல்லை. நஞ்சுக்கொடி தாயின் கார்டிசாலில் பெரும்பகுதியைக் கார்டிசோன் என்ற செயலற்ற வடிவமாக மாற்றி அனுப்புவதால், எதிர்ப்பொருள்களைக் கொண்டு ஹார்மோனை அளக்கும் சில இம்யூனோஅஸ்ஸே கருவிகள் அந்தக் கார்டிசோனையும் ஓரளவு கார்டிசாலோடு சேர்த்துக் கணக்கிட்டுவிடக்கூடும். எந்த முறையில் அளந்தீர்கள் என்பதும் அறிக்கையில் இல்லை.

இன்சுலின் விஷயம் இதைவிட மோசம். விளம்பரத் தாளில் சி-பெப்டைடு (உடலில் இன்சுலின் உருவாகும்போது அதோடு சேர்ந்து வெளிவரும் புரதத் துண்டு) என்று போட்டுவிட்டு, இன்சுலினை மட்டும் அளந்து 'குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதே பக்கத்தின் அடியில், மாதிரியில் சிவப்பணுக்கள் சிதைந்திருந்ததாகப் பொடி எழுத்தில் ஒரு குறிப்பும் உள்ளது. சிவப்பணு சிதைந்தால் அதிலிருந்து வெளிவரும் நொதி இன்சுலினை அழித்துவிடும்; சி-பெப்டைடை அது அவ்வாறு பாதிப்பதில்லை. 23,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து நடத்தி 2008-இல் வெளியிடப்பட்ட, கர்ப்பகால ரத்தச் சர்க்கரை பற்றிய 'ஹாப்போ' (HAPO) ஆய்வில் கொடி ரத்தத்துக்குச் சி-பெப்டைடைத் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான். ஒப்பீட்டு அளவின் பக்கத்தில் 'வெறும் வயிற்றில்' என்று வேறு இருக்கிறது. கொடி அறுபடும் கணத்தில் குழந்தைக்கு எது வெறும் வயிறு என்பதைத் தங்கள் ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

இந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் 'ஆலோசகர்' ஒருவர், பிள்ளை பெற்ற உடம்போடு படுத்திருந்த என் மனைவியைத் தொலைபேசியில் அழைத்து, குழந்தைக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரக்கூடும் என்று சொல்லி, அடுத்த தொகுப்பை வாங்கச் சொன்னார். குழந்தையைப் பரிசோதித்த மருத்துவர் அவள் நலமாக இருப்பதாகவும், இந்த எண்களை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது என்றும் தெளிவாகக் கூறிவிட்டார்.

ஆகவே, இந்த அறிக்கையை எழுத்துப்பூர்வமாகத் திரும்பப் பெற்று, அளந்த முறையையும் கொடி ரத்தத்துக்கெனத் தாங்கள் வைத்திருக்கும் ஒப்பீட்டு அளவுகளையும் எனக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படி அளவுகளே இல்லையெனில் அதையும் எழுதித் தர வேண்டும். செலுத்திய கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தருவதோடு, இனி எங்கள் வீட்டுக்கு விற்பனை அழைப்புகள் வராமல் நிறுத்தவும் வேண்டும். 15 நாட்களுக்குள் பதில் கிடைக்காவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன். அறிக்கை, விளம்பரத் தாள், ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
குழந்தையின் தந்தை