எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைக்குச் சீட்டு எழுதத் தயங்கும் மருத்துவர்களுக்கு

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் மருந்துக் கடை நடத்துகிறேன். உங்கள் சீட்டுகளைப் படித்துப் பிழைப்பவன் என்பதால் உங்களில் பலருடைய கையெழுத்து எனக்கு மனப்பாடம். எந்தக் காய்ச்சலுக்கு யார் எதை எழுதுவார் என்பதும் ஓரளவு தெரியும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரைக்கு மட்டும் உள்ளூரிலிருந்து சீட்டு வருவது அபூர்வம். வருகிற சிலவும் சென்னையிலோ பெங்களூரிலோ எழுதப்பட்டு, கைப்பேசித் திரையில் காட்டப்படுகின்றன.

டெனோஃபோவிரும் எம்ட்ரிசிட்டபைனும் சேர்ந்த அந்த மாத்திரை நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் 2012-இலேயே தடுப்புக்கென அனுமதி பெற்றது. தொற்று அபாயம் கணிசமாக உள்ள எவருக்கும் கொடுக்கலாம் என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நம் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வழிகாட்டு நெறிமுறை 2022-இல் வந்தது. ஒழுங்காகச் சாப்பிட்டால் உடலுறவு வழியான தொற்றை ஏறத்தாழ 99 சதவீதம் தடுக்கும். மருந்தும் நம் நாட்டிலேயே தயாராகிறது.

விலை ஒரு தடைதான், மறுக்கவில்லை. தொற்று வந்துவிட்டால் 2004 முதல் அரசு மையங்களில் மருந்து இலவசம். வராமல் தடுக்க நினைப்பவர் பெரும்பாலும் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் சொந்தக் காசைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. அதை அரசிடம்தான் கேட்க வேண்டும், கேட்பேன். ஆனால் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவரும் உங்கள் அறையிலிருந்து வெறுங்கையோடு திரும்புகிறாரே, அதற்காகத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கடையில் காதில் விழுந்தவற்றை, ஆள் அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். ஓர் இளைஞர் இந்த மாத்திரையைப் பற்றிக் கேட்டதும் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கல்யாணம் ஆகிவிட்டதா?" இல்லை என்றதும், "அப்படியானால் உனக்கு எதற்கு இது? ஒழுங்காக இரு" என்று அனுப்பிவிட்டார். இன்னொருவரை, எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே, தொற்று உள்ளவர்களுக்குத்தான் மருந்து என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாமவர் தன்பால் ஈர்ப்பாளர். சிறு வயது முதல் பார்த்துவரும் குடும்ப மருத்துவரை நம்பி உண்மையைச் சொன்னார். அன்று மாலையே அவருடைய அப்பாவுக்குத் தொலைபேசி போயிற்று. இப்போது சளிக்குக்கூட அவர் அந்தப் பக்கம் போவதில்லை.

நீங்கள் மறுத்துவிட்டால் மாத்திரை ஆசை தீர்ந்துவிடுகிறது என்று எண்ண வேண்டாம். நண்பரிடம் வாங்குகிறார், சீட்டுக் கேட்காத கடையைத் தேடிப் பிடிக்கிறார். அப்போது விட்டுப்போவது பரிசோதனை. ஏற்கெனவே தொற்று இருப்பது தெரியாமல் மாத்திரையில் உள்ள இந்த இரண்டு மருந்தை மட்டும் விழுங்கினால், வைரஸ் மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். ஹெபடைடிஸ் பி இருப்பவர் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் அழற்சி வெடிக்கலாம். இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என முதலில் மூன்று சோதனைகள், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. சோதனை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நீங்கள் செய்யும் கண்காணிப்பைவிட இது கடினமா என்ன?

மாத்திரை கொடுத்தால் தவறான பழக்கத்தை ஊக்குவித்ததாகும் என்று உங்களில் ஒருவர் என்னிடமே சொன்னார். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எழுதும்போது, தீபாவளிக்கு எத்தனை லட்டு தின்றாய் என்று கேட்டு, பதில் பிடிக்காவிட்டால் சீட்டைக் கிழித்துப் போடுகிறோமா? மாத்திரை சிஃபிலிஸ், கொனோரியா போன்ற பிற பால்வினை நோய்களைத் தடுக்காது, ஆணுறை வேண்டும் என்று சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறவரிடம் அதைச் சொல்லலாம், சோதித்தும் பார்க்கலாம். வராதவரிடம் யார் சொல்வது?

இன்னொன்று. இதை ஆண்கள் சமாச்சாரமாகவே பலரும் நினைக்கிறார்கள். கணவருக்குத் தொற்று உறுதியாகி, சிகிச்சை அப்போதுதான் தொடங்கியிருந்த ஒரு பெண் கடைக்கு வந்தார். கணவரின் ரத்தத்தில் வைரஸ் அளவு அடங்கி, அது நீடித்துவிட்டால் அவர் வழியாக மனைவிக்குத் தொற்றாது. அதற்கு மாதங்கள் ஆகலாமே, அந்த இடைவெளிக்கு இந்த மாத்திரை பொருத்தமானது. அந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்ல ஒரு மருத்துவர் கிடைக்கவில்லை.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி நிர்மலா, பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் நேரில் போய்ப் பேசி ரத்த மாதிரி சேகரித்தார். இங்கெல்லாம் அந்த நோய் வராது என்று சுற்றியிருந்தவர்கள் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. நீங்கள் அந்த மரபில் வந்தவர்கள்.

மருந்தை வீட்டில் வைப்பதும் சிக்கல்தான். குப்பியின் மேலிருக்கும் பெயரை இணையத்தில் தேடினால் எச்.ஐ.வி. சிகிச்சை என்று வரும், வீட்டில் பூகம்பம் கிளம்பும். அதனால் மாத்திரைகளை வைட்டமின் டப்பாவுக்கு மாற்றிவிடுகிறார்கள். ஈரம் உறிஞ்சும் பொட்டலம் உள்ள மூலக் குப்பியிலேயே இருக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள்.

அடுத்து எச்.ஐ.வி. தடுப்பு ஊசி வருகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிருக்கு 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது, ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஹைதராபாத்தின் மருந்து நிறுவனங்களான டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டரோவும் அதை 2027 முதல் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 40 டாலருக்குப் பல நாடுகளுக்குத் தருவதாக அறிவித்திருக்கின்றன. தினமும் குப்பியை ஒளிக்கும் தொல்லை இருக்காது. ஆனால் மாத்திரையைப் போல நண்பரிடம் வாங்கி விழுங்க முடியாது, யாராவது மருத்துவமனையில் வைத்துப் போட்டாக வேண்டும். இன்றைக்கு ஒரு சீட்டுக்குத் தயங்குகிற அதே அறையில்தான் நாளைக்கு அந்த ஊசியையும் கேட்பார்கள்.

என் தரப்புக் குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாத்திரையை நான் இருப்பில் வைப்பதில்லை, சீட்டு வந்த பிறகே மொத்த வியாபாரியிடம் சொல்லி வரவழைக்கிறேன். மாதக் கணக்கில் அலமாரியில் கிடந்து காலாவதியானால் நட்டம் எனக்கு. கடையில் இல்லை என்பதைக் காரணம் காட்டி எழுதாமலிருக்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். உங்களில் நான்கு பேர் எழுதத் தொடங்குங்கள், சீட்டில் எச்.ஐ.வி. சோதனை செய்த தேதியையும் குறித்துவிடுங்கள். இருப்பு வைப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு மருந்தாளுநர்