சால்மன் பிடிக்க சிட்னிப் பாறைக்குப் போகிறவர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியா போகும் நம் குடும்பங்களில், பெட்டிகளோடு தூண்டில் கம்பையும் கட்டிக்கொண்டு போகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். பிடோக் படகுத்துறையில் எனக்குப் பழக்கமான தம்பிகள் சிலரும் அதில் அடக்கம். அங்கே அப்போது குளிர்காலம். சிட்னிப் பக்கம் சால்மன் கூட்டங்கூட்டமாகக் கரையை ஒட்டி வரும் நேரம். ஆசை வருவதில் தப்பில்லை.

இது பேரங்காடியில் ஆரஞ்சு நிறத்தில் துண்டு போட்டு விற்கும் சால்மன் இல்லை, அதற்கு உறவும் இல்லை. நாலைந்து கிலோகூடத் தேறும். கொக்கி மாட்டியதும் தண்ணீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும், பாதிப் பேருக்கு அங்கேயே கழன்று போய்விடும். சதை கருத்தது, கொஞ்சம் வாடையும் உண்டு. பிடித்த கையோடு செவுளை அறுத்து இரத்தத்தை வடித்து ஐஸில் போட்டுவிட வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் பலர் இதைச் சாப்பாட்டு மீனாகவே மதிப்பதில்லை. புளியும் வெந்தயமும் போட்டுக் குழம்பு வைக்கிற நமக்கு அந்த வாடை ஒரு பொருட்டா?

நான் எழுத வந்தது பாறையைப் பற்றி. பாறை விளிம்பில் அலை மோதி நுரைக்கிற இடத்தில்தான் பொடிமீன்கள் நிலைதடுமாறும், அவற்றைத் தேடி சால்மன் வரும். காலடியிலேயே ஆழம் என்பதால் தூரம் வீச வேண்டியதும் இல்லை. அதனால்தான் ஆட்கள் அந்த விளிம்பில் போய் நிற்கிறார்கள். அங்கே அலை இழுத்து உயிர் விட்டவர்களில் கணிசமானோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். பெரும்பாலோர் லைஃப் ஜாக்கெட் போடாதவர்கள்.

நம்மவர்களிடம் இதைச் சொன்னால், "இத்தனை வருஷமா கடல்ல தூண்டில் போடுறோம், எங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்கிறார்கள். தெரிந்தது எந்தக் கடல் என்பதுதான் கேள்வி. சிங்கப்பூருக்கு ஒரு பக்கம் சுமத்ரா, ஒரு பக்கம் ரியாவ் தீவுகள், மேலே மலேசியா. பெருங்கடல் அலை இங்கே வந்து சேர்வதே இல்லை. நமக்குத் தெரிந்தது ஏற்றவற்றம். அதிகபட்சம் மூன்று மீட்டர் போல ஏறும், இறங்கும். அதற்கு அட்டவணை இருக்கிறது, மணி பார்த்துப் போகிறோம். ஈஸ்ட் கோஸ்ட் கற்களில் கால் நனைகிறது என்றால் ஏதோ கப்பல் கிளப்பிவிட்ட அலை, அவ்வளவுதான்.

சிட்னியில் அட்டவணையை மட்டும் நம்பி நிற்க முடியாது. தெற்கே வெகுதூரத்தில் அடித்த புயலின் அலை, சில நாள் கழித்து, வெயில் காய்ந்து காற்றே இல்லாத ஒரு காலையில்கூட வந்து மோதும். தொகுதியாக வரும். நாலைந்து பெரிய அலை, அப்புறம் பத்து நிமிஷம், சில நேரம் அதற்கு மேலும் சும்மா இருக்கும். அந்த இடைவெளியில் போய்ச் சேர்ந்தவருக்குக் கடல் குளம் மாதிரித்தான் தெரியும். குமரி மாவட்டக் கரையில் கள்ளக்கடல் என்கிறார்களே, கிட்டத்தட்ட அதே சங்கதி. 2024 மே மாதம் அங்கே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துப் போனதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அதனால் போனதும் கம்பை விரிக்காமல் அரை மணி நேரமாவது மேட்டில் நின்று பார்க்க வேண்டும். பாறை ஈரமாக இருந்தால் அலை அதுவரை ஏறுகிறது என்று அர்த்தம். கறுப்பாகப் பாசி படிந்த இடத்தில் சாதாரணச் செருப்பு வழுக்கும், அடியில் ஆணி வைத்த காலணி வேண்டும். கடலுக்கு முதுகு காட்டக் கூடாது, தனியாகப் போகவும் கூடாது. யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. பல பாறைகளில் கம்பத்தில் மிதவை வளையம் மாட்டியிருப்பார்கள், அதை வீசிவிட்டு அந்த ஊர் அவசர எண்ணான 000க்கு அழைக்க வேண்டும். விழுந்தவர் அதே பாறையில் ஏறப் பார்த்தால் அடுத்த அலை அவரைக் கல்லிலேயே அறையும். விலகி நீந்தி மிதப்பதுதான் வழி, அதற்குத்தான் லைஃப் ஜாக்கெட்.

நியூ சவுத் வேல்ஸில் இதற்கென்றே 2016இல் சட்டம் கொண்டுவந்தார்கள். சிட்னியின் ரேண்ட்விக் வட்டாரத்தில் முதலில் அமலாகி, பிறகு வேறு சில இடங்களுக்கும் பரவியது. அந்த இடங்களில் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் பாறையில் மீன் பிடித்தால் 100 டாலர் அபராதம். அபராதத்துக்குப் பெயர்போன ஊரிலிருந்து போகிற நாம் இதற்குச் சலித்துக்கொள்வது வேடிக்கைதான். மீன்பிடி உரிமமும் வேண்டும், மூன்று நாளைக்கு மட்டும்கூட எடுக்கலாம்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு என் கருத்து ஒன்றுதான்: பாறையே வேண்டாம். சால்மன் மணற்கரைக்கும் வரும். அலை உடையும் திட்டுகளுக்கு நடுவே கொஞ்சம் கருத்துத் தெரிகிற வாய்க்கால் போன்ற பள்ளத்தில் முழு மத்தியைக் கோத்துப் போட்டால் அங்கேயே எடுக்கும். படத்தில் பாறையும் நுரையும் இருக்காது, மீன் அதே மீன்தான்.

ஆஸ்திரேலியச் சுற்றுலாக் கட்டுரைகளை உங்கள் பயணப் பக்கத்தில் வெளியிடும்போது, பாறைமேல் தூண்டில் வீசும் படம் போட்டால் பக்கத்திலேயே இந்த எச்சரிக்கையையும் நாலு வரி போடுங்கள். லைஃப் ஜாக்கெட்டை அங்கே போய்த் தூண்டில் கடையில் வாங்கிக்கொள்வதே சுலபம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். வாயுக்குப்பி வைத்த ஊதும் வகையை இங்கிருந்து எடுத்துப் போனால், விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
பிடோக் வாசகர்