மலருக்கு, மோரிஸ் கார் ரேடியோ பற்றி

அன்புள்ள மலருக்கு,

தீபாவளிக்குப் பிறகு நீ அனுப்பிய ஒரே செய்தி, "மோரிஸ் ரேடியோவை என்ன செய்யப்போறீங்க" என்பதுதான். அதையாவது கேட்டாயே. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன் யோசனை உனக்குத் தெரியும். உள்ளே இருப்பதைப் பிடுங்கிவிட்டு, முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் ப்ளூடூத் போர்டு ஒன்றைப் பூட்டிவிடலாம் என்கிறான். எனக்குச் சம்மதமில்லை. சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையையும் 2017ல் மூடிவிட்டார்கள், இன்னொரு ரேடியோமொபைல் கம்பெனிப் பெட்டிக்கு எங்கே போவது? ஆனால் பழையபடியே பழுது பார்த்தாலும் பிரயோஜனமில்லை. அது மத்திய அலையும் நீள் அலையும் மட்டும் பிடிக்கிற பெட்டி. நம் நிலையங்களெல்லாம் எஃப்எம்முக்குப் போய் எத்தனையோ வருஷமாகிறது. நம் தமிழ் நிலையம் ஒலி 96.8 அதில் வரவே வராது. ஆயிரம் வெள்ளி செலவழித்தாலும் பகலில் இரைச்சல்தான்.

அதனால் நிலையம் பிடிக்கும் ட்யூனர் பக்கத்தைத் தொடாமல் விட்டுவிடு. ஒலி பெருக்கும் பக்கத்தை மட்டும் உயிர்ப்பித்து, போனிலிருந்து பாட்டை உள்ளே விடலாம். வால்யூம் கண்ட்ரோலின் மேல் முனைக்கு வரும் வயரை எடுத்து ஒரு டூ-வே சுவிட்சில் கொடு. ஒரு பக்கம் பழைய ட்யூனர், மறுபக்கம் போன். போனின் இடது, வலது இரண்டிலும் ஆளுக்கொரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு ஒன்றாக்கி, துருவமில்லாத 1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் வழியாக உள்ளே அனுப்பு. நாளை யாருக்காவது அசல் நிலை வேண்டுமென்றால் நாலு சால்டர் பற்றைக் கழற்றினால் போதும். சாமான் எல்லாம் சிம் லிம் டவரில் கிடைக்கும்.

சர்க்யூட் டிசைன் பண்ணுகிறவளுக்கு நான் சொல்லித் தருவதா என்று சிரிப்பாய். பதினோரு வயதில் சால்டரிங் அயர்ன் பிடித்த பிள்ளை என்று இன்றைக்கும் காப்பிக்கடையில் பெருமை பேசுகிறேன். அவ்வளவு படித்தும் அப்பனுக்கு ஒரு போன் பண்ணத் தெரியவில்லை, அது வேறு. ஆனால் நீ பழகியது எல்லாம் நெகடிவ் எர்த். இந்த வண்டி பாசிட்டிவ் எர்த். பாசிட்டிவ்தான் பாடிக்கு. உள்ளே இருப்பவை பிஎன்பி ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள், அதனால் பல இடங்களில் எலக்ட்ரோலிடிக் கண்டென்சரின் பிளஸ் கால்தான் சேசிஸுக்கு, அந்த உலோகச் சட்டத்துக்கு, போகும். கைப்பழக்கத்தில் திருப்பிப் போட்டுவிடாதே. கழற்றும்முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொள். காய்ந்துபோன 16 வோல்ட்டுக்குப் பதில் 25 வோல்ட் போடு, மைக்ரோஃபாரட் அதேதான்.

மேசையில் வைத்து ஓட்டும்போது பவர் சப்ளையின் கரண்ட் லிமிட்டை 1 ஆம்பில் நிறுத்து. ஸ்பீக்கர் இல்லாமல் பவர் கொடுக்காதே, அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். ஸ்பீக்கர் 3 ஓம், இப்போதைய 4 ஓம் தாங்கும். அவுட்புட் டிரான்சிஸ்டருக்கு அடியில் மைக்கா தகடு இருக்கிறது. கிழிந்திருந்தால் புதிது போட்டு இருபுறமும் ஹீட்சிங்க் பேஸ்ட் தடவு. அதன் உலோகக் கூடே கலெக்டர், சேசிஸைத் தொட்டால் ஷார்ட்தான். ஜெர்மானியம் கிடைக்கவில்லை என்று சிலிக்கானைச் சும்மா மாட்டிவிட முடியாது. ஜெர்மானியத்துக்கு பேஸில் 0.2 வோல்ட் போதும், சிலிக்கானுக்கு 0.6 வேண்டும். பயாஸ் ரெசிஸ்டரையும் மாற்ற வேண்டும்.

ட்யூனரை என்றைக்காவது திறந்தால் ஏஎஃப்117 டிரான்சிஸ்டர் இருக்கிறதா பார். கூட்டுக்குள்ளேயே மயிரிழை மாதிரி வெள்ளீய முடி வளர்ந்து காலைத் தொட்டுவிடும். நாலாவது காலை, அந்த ஷீல்டு காலை, வெட்டிவிட்டால் பெரும்பாலும் பேசும். அது அவசரமில்லை.

அவசரமானது போன். அதன் சொந்தப் பேட்டரியில் ஓடும்வரை கவலையில்லை. வண்டியிலிருந்து யூஎஸ்பி சார்ஜர் போட்டால் சார்ஜரின் மைனஸ், வண்டியின் நெகடிவ். ஆடியோ வயரின் வெளிப்பின்னலோ சேசிஸைத் தொடுகிறது, அது பாசிட்டிவ். மெல்லிய வயர் வழியாக பேட்டரியே ஷார்ட். உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் மின் தொடர்பில்லாத ஐசொலேட்டட் டிசி-டிசி மாட்யூல், 12 வோல்ட்டை 5 ஆக்குவது, கட்டாயம் போடு. சாதாரண பக் கன்வர்ட்டர் உதவாது. மாப்பிள்ளைக்கும் இதைச் சொல், அவர் எதையும் குத்திப் பார்க்கிற ஆள். அவர் குரலைக் கேட்டே ரொம்ப நாளாகிறது.

டைனமோ இரைச்சலை அடக்க 1 மைக்ரோஃபாரட் சப்ரசர் கண்டென்சர், டைனமோவின் டி முனையில். எஃப் முனையில் போட்டால் ரெகுலேட்டர் காண்டாக்ட் கருகும்.

பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தில் வருஷத்துக்கு 45 நாள்தான் ரோட்டில் ஓடும் வண்டி. மீதி நாள் நின்றே பேட்டரி செத்துப்போகும். புதுப் பேட்டரி மாட்டும் நேரம்தான் ஆபத்து. பாசிட்டிவ்தான் பாடிக்கு.

இதை எழுதாமல் முடிக்கலாம் என்றுதான் பார்த்தேன். திறக்கிறபோது உனக்கே தெரிந்துவிடும். ஃபியூஸ் ஹோல்டர் பச்சை பூத்திருக்கும், உள்ளே 2 ஆம்ப் ஃபியூஸ் இருக்காது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை நான்தான் சுற்றி வைத்தேன். அப்புறம் ஒருநாள் பேட்டரியைத் தலைகீழாக மாட்டினேன். ஸ்டார்ட்டருக்கு அது தெரியாது, சுழன்றது. விளக்கும் எரிந்தது. ரேடியோ மட்டும் புகைந்தது. இரண்டு நிமிஷத்தில் வயரை மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மாலையில் அது பாடவில்லை என்றதும், நீ குமிழைத் திருகித் திருகிக் கெடுத்தாய் என்று எல்லார் முன்னாலும் அடித்தேன். குமிழைத் திருகி எந்த ரேடியோவும் புகையாது. அன்றைக்கே உனக்கு அது தெரியும் என்று நினைக்கிறேன். நீ பதில் பேசவில்லை. இப்போதும் ஏதாவது என்றால் பேசாமல் இருந்துவிடுகிறாய். அந்தப் பழக்கம் என்னிடமிருந்து வந்ததோ என்னவோ.

குமிழ் என் மேசை டிராயரில் இருக்கிறது, ஓரத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான். டிசம்பரில் வந்து பெட்டியைத் திற, நான் டார்ச் பிடிக்கிறேன். ஒருத்தருக்கா இரண்டு பேருக்கா என்று மட்டும் சொல், அம்மா அறையை ஒழிக்க வேண்டும். நீ மட்டும் வந்தாலும் சரி, நாங்கள் ஒன்றும் கேட்க மாட்டோம்.

அப்பா