கட்டி என்றதும் உடைந்துபோனோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மருத்துவப் பக்கத்தில் மூட்டுத் தேய்மானம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள கட்டுரை. ஆனால் முழங்கால் வலிக்கு ஸ்கேன் எடுக்கப்போன இடத்தில், தேடாத ஒன்று படத்தில் தெரிந்தால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

அம்மாவுக்கு 54 வயது. பாம்பன் கடலில் முப்பது வருடமாகப் பாசி எடுக்கிறவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாறைகளுக்கு நடுவே முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிற வேலை. போன வருடம் வலது முழங்கால் வீங்கி, வாசற்படி ஏறவே சிரமப்பட்டார். மதுரைக்குக் கூட்டிப்போய் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். அறிக்கையைக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஒன்பதாவது படிக்கும் என் மகன்தான் அதைப் பிரித்து எழுத்துக்கூட்டி வாசித்தான். தொடை எலும்பின் கீழ்முனையில் ட்யூமர், அதாவது கட்டி என்று இருந்தது. அதற்கு முன்னால் 'பினைன்' என்றொரு சொல்லும் இருந்தது. தீங்கற்றது என்று அதற்கு அர்த்தம். அந்த பஸ்ஸில் அது எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்த மூன்று வாரம் வீட்டில் சரியாக உலை வைக்கவில்லை. ஆபரேஷனுக்கு ஆகும் என்று என் வளையல்களை அடகு வைத்தோம். அத்தை ஏர்வாடிக்கு நேர்ந்துகொண்டார். பௌர்ணமியை ஒட்டி எல்லாரும் பாசிக்குப் போன நாட்களில் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "காலை எடுத்துருவாங்களா?" என்று ராத்திரியில் என்னை எழுப்பிக் கேட்டார். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அப்புறம் ஓர் எலும்பு மருத்துவர் படத்தை விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பத்து நிமிடம் விளக்கினார். அதன் பெயர் என்காண்ட்ரோமா. எலும்புக்கு உள்ளே தங்கிவிட்ட குருத்தெலும்புத் திட்டு. அதில் சுண்ணாம்பு படிந்திருந்தால் எக்ஸ்ரேயில் சின்னச் சின்ன வளையங்களாகத் தெரியும். பெரும்பாலும் வலியே இருக்காது. முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பவர்களில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேருக்கு இப்படி வேறு எதையோ தேடும்போது தெரியவருமாம். அம்மாவின் வலிக்குக் காரணம் தேய்மானமும் ஜவ்வில் இருந்த கிழிசலும்தான். கட்டிக்கும் வலிக்கும் சம்பந்தமில்லை. வெட்டவும் வேண்டாம், சதை எடுத்துச் சோதிக்கவும் வேண்டாம், ஒரு வருடம் கழித்து இன்னொரு படம் எடுத்து இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும் என்றார். அதற்காகப் பழைய படத்தை உப்புக்காற்று படாமல் தகரப்பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

எல்லாக் கட்டியையும் அலட்சியமாக விடலாம் என்று நான் சொல்லவில்லை. சும்மா படுத்திருக்கும்போதும் ராத்திரியிலும் எலும்புக்குள் வலித்தால், வலி நாளுக்கு நாள் கூடினால், படத்தில் எலும்பின் ஓடு அரிக்கப்பட்டிருந்தால், கட்டி எலும்பைத் தாண்டி வெளியே வந்திருந்தால் உடனே பார்க்க வேண்டும் என்று அந்த மருத்துவரே எச்சரித்தார். வளரும் பிள்ளைகளுக்கு முழங்கால் பக்கத்தில் கல் மாதிரி ஒரு முண்டு வருவதுண்டு. ஆஸ்டியோகாண்ட்ரோமா என்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் சாதாரணமானதுதான், வளர்ச்சி நின்றதும் அதுவும் நின்றுவிடும். பெரியவர்களான பிறகும் வளர்ந்தால் சந்தேகப்பட வேண்டும்.

இந்தப் பத்து நிமிடப் பேச்சு முதல் நாளே கிடைத்திருந்தால் என் அம்மா அந்த மூன்று வாரம் செத்துப் பிழைத்திருக்க வேண்டியதில்லை. அறிக்கை மருத்துவருக்காக எழுதப்படுவது, சரி. ஆனால் அதைச் சுமந்துகொண்டு நாலு மணி நேரம் பஸ்ஸில் வருகிறவர்கள் நாங்கள். கடைசியில் தமிழில் இரண்டு வரி சேர்த்தால் என்ன? என்ன தெரிகிறது, அவசரமா இல்லையா, யாரைப் பார்க்க வேண்டும் என்று இருந்தால் போதும். அதுவும் முடியாவிட்டால், கவரை நீட்டுகிறவர் "பயப்படாதீங்கம்மா, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாவது வாய்திறந்து சொல்லலாம்.

உங்கள் பத்திரிகை ஸ்கேன் நிலையங்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும். மருத்துவப் பக்கத்திலும் இந்தக் கட்டிகளைப் பற்றிப் படத்தோடு ஒரு கட்டுரை போடுங்கள். முழங்கால் வலி இல்லாத பாசிக்காரப் பெண் எங்கள் தெருவில் கிடையாது. கட்டுரை வந்தால் அவர்களுக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.