பாதாள சாக்கடை: கடன் கிடைத்துவிடும், இணைப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நகராட்சிகளின் பாதாள சாக்கடைத் திட்டம் பற்றிய செய்திகளில் எத்தனை கோடி, கடன் எவ்வளவு, மானியம் எவ்வளவு என்பது தவறாமல் வருகிறது. எத்தனை வீடுகளுக்கு இணைப்பு கொடுக்கப்பட்டது என்பது அபூர்வமாகத்தான் வருகிறது. கடனை அடைக்கப்போவது அந்த இணைப்புகள்தான்.

கடன் திரட்டுவது பெரிய வித்தையல்ல. சின்ன நகராட்சி தனியாகக் கடன் பத்திரம் வெளியிட்டால் வாங்க ஆளிருக்காது என்பதால், 2002-03-ல் 13 உள்ளாட்சி அமைப்புகளின் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளை ஒரே மூட்டையாகக் கட்டி, 30.41 கோடி ரூபாய்க்குத் தமிழகத்தில் பத்திரம் வெளியிட்டார்கள். 15 ஆண்டு, 9.20 சதவீத வட்டி. ஒவ்வொரு அமைப்பும் ஆண்டுத் தவணையில் ஒன்பதில் ஒரு பங்கை மாதாமாதம் தனிக்கணக்கில் போடவேண்டும். ஒன்பது மாதத்தில் முழுத் தவணையும் சேர்ந்துவிடும். மிச்ச மூன்று மாதம் கையிருப்பு அவகாசம். அதிலும் குறைந்தால் மாநில அரசு தரும் நிதிப் பகிர்விலிருந்து பிடித்துக்கொள்ளலாம். இதற்கென்று அரசு ஒதுக்கிய 6.9 கோடியும், அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் உத்தரவாதமும் பின்னால் இருந்தன.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இது காப்பாற்றுவது பத்திரம் வாங்கியவரை. நிதிப் பகிர்வில் பிடித்தம் விழுந்தால் துப்புரவுப் பணியாளர் சம்பளத்துக்கும் தெருவிளக்குக் கட்டணத்துக்கும் நகராட்சி தடுமாறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 கோடி கடன், 8 சதவீத வட்டி, 15 ஆண்டு என்றால் ஆண்டுத் தவணை ஏறக்குறைய 2.34 கோடி. மின்கட்டணம், ஆட்கள், பராமரிப்பு ஆண்டுக்கு 2 கோடி என்று வையுங்கள். 20,000 வீடுகள் இணைந்தால் வீட்டுக்கு மாதம் சுமார் 180 ரூபாய். 10,000 வீடுகள்தான் இணைந்தன என்றால் 360 ரூபாய். எந்த நகர்மன்றம் 360 ரூபாய்க்குத் தீர்மானம் போடும்? தவணை கட்டாமல் இருக்க அனுமதிக்கும் ஆரம்பச் சலுகைக் காலமோ குழாய் பதித்து முடிப்பதற்குள்ளேயே கரைந்துவிடும்.

ஆலந்தூர் நகராட்சி (2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது) இதை முன்கூட்டியே யோசித்தது. சுமார் 34 கோடித் திட்டத்துக்கு, வேலை தொடங்குமுன்பே வீட்டுக்கு 5,000, வணிகக் கட்டடத்துக்கு 10,000 ரூபாய் என வைப்புத்தொகை வசூலித்தார்கள். அந்தப் பணத்தைவிட முக்கியம், பணம் கட்டியவர் இணைப்புக்குக் காத்திருந்தார் என்பது. இன்று பல ஊர்களில் இதே வைப்புத்தொகை, குழாய் பதித்துச் சாலையை மூடிய பிறகு கேட்கப்படுகிறது. அப்போது யார் தருவார்கள்?

வீட்டுக்காரர் தயங்குவது வைப்புத்தொகைக்காக மட்டுமல்ல. பழைய வீடுகளில் கழிப்பறையும் செப்டிக் டேங்கும் கொல்லைப்புறத்தில். சாக்கடைக் குழாயோ வாசல் பக்கம். நடுக்கூடத்துத் தரையை உடைத்து 110 மி.மீ. பிவிசி குழாய் கொண்டுவரவேண்டும். சமையலறை, குளியலறைத் தண்ணீர் தனியே தெருவோரக் கால்வாய்க்குப் போய்க்கொண்டிருக்கும்; அதையும் இதோடு சேர்க்கவேண்டும். கொத்தனார் கூலி, ஓடு எல்லாம் சேர்ந்தால் வைப்புத்தொகையைத் தாண்டிவிடும். போதாததற்கு, தார் மேல் தார் போட்டு உயர்ந்த சாலையால் வீடு பள்ளத்தில் கிடக்கும். கழிவுநீர் மேட்டுக்கு ஏறாது. இந்தச் செலவு பெரும்பாலும் எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் இருப்பதில்லை.

பாதி வீடுகள் இணையாவிட்டால் குறைவது வருமானம் மட்டுமல்ல. குழாயில் நீர் உச்சநேரத்திலாவது வினாடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் ஓடினால்தான் மண்ணும் கசடும் அடித்துச் செல்லப்படும். நீர் குறைந்தால் வண்டல் படிந்து, மேன்ஹோலில் அடைப்பு, அதைத் தண்ணீர் பீய்ச்சி நீக்கும் ஜெட்டிங் லாரிக்கு வாடகை. சுத்திகரிப்பு நிலையத்திலும் கழிவுநீர் போதாமல், கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தேறாது. ஆனாலும் காற்றூட்டும் இயந்திரம் ஓடியே ஆகவேண்டும், மின்மீட்டரும் ஓடும்.

ஆகவே, வாசலில் வீட்டுக் கழிவுநீர் வந்து சேரும் ஆய்வுத்தொட்டி முதல் தெருக்குழாய் வரையிலான இணைப்பைத் தனி வேலையாக விடாமல் ஒப்பந்தத்திலேயே சேர்க்கவேண்டும். குழாய் பதித்த மீட்டருக்கு மட்டும் பில் போடாமல், ஒப்பந்தத் தொகையில் 15 சதவீதமாவது கொடுத்த இணைப்பின் எண்ணிக்கைக்கு ஏற்ப விடுவிக்கவேண்டும். ஏழை வீடுகளுக்கு வைப்புத்தொகையை அரையாண்டு சொத்துவரியோடு ஆறு தவணையாகப் பிரிக்கலாம். உள்வேலைக்கு மகளிர் சுய உதவிக் குழுக்கள் வழியாக வங்கிக் கடன் ஏற்பாடு செய்யலாம். மாதக் கட்டணத்தையும் அது ஆண்டுதோறும் எவ்வளவு உயரும் என்பதையும் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் நகர்மன்றம் தீர்மானமாக நிறைவேற்றிவிடவேண்டும். தேர்தல் நெருங்கும்போது அது நடக்காது. வசூலான வைப்புத்தொகை பொதுக்கணக்கில் கலந்தால் சம்பளத்துக்குப் போய்விடும், தனிக்கணக்கு கட்டாயம்.

இன்னொன்று. இணைப்பு தரும்போதே மொட்டைமாடி மழைநீர்க் குழாயை யாரும் இதில் சொருகவில்லை என்று பார்த்துவிடவேண்டும். ஐப்பசி மழையில் மேன்ஹோல் மூடியைத் தூக்கிக்கொண்டு தெருவில் பொங்குவதில் பெரும்பகுதி அந்தத் தண்ணீர்தான்.

— நகராட்சிப் பொறியாளர் (ஓய்வு), தாம்பரம்