தடை ஆணையை வாசகருக்கும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டொராண்டோவில் இருக்கும் என் தங்கை சென்ற வாரம் ஒரு காணொளியை அனுப்பியிருந்தாள். மயிலாப்பூரில் என் கைபேசியில் அதைத் தொட்டதும், கறுப்புத் திரையில் ‘இது உங்கள் நாட்டில் கிடைக்காது’ என்ற ஒற்றை வரிதான் வந்தது. தடுத்தது யார், எந்தச் சட்டப்படி, என்ன காரணத்துக்காக என்று ஒரு சொல்கூட இல்லை.

குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களையும் கலவரத்தைத் தூண்டும் பொய்களையும் நீக்கச் சொல்ல அரசுக்கு அதிகாரம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், 2015-இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் இணையத்தில் உள்ளவற்றைத் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றபோது, தடைக்கான காரணங்கள் எழுத்தில் பதிவாகின்றன, அவற்றை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்பதையும் கருத்தில் கொண்டே அவ்வாறு சொன்னது. அந்தப் பிரிவின் கீழ் வகுத்த 2009-ஆம் ஆண்டு விதிகளோ புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கின்றன. கண்ணிலேயே காட்டாத ஆணையை எதிர்த்து யார் வழக்குத் தொடுப்பது?

1950-இல், பம்பாயில் அச்சான ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழ் உள்ளே வரக் கூடாது என்று சென்னை அரசு தடை விதித்தது. அந்த ஆணை புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழில் வெளியானது. எல்லோரும் படிக்க முடிந்தது. இதழின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்று, அதே ஆண்டு மே மாதத்தில் வென்றார். முக்கால் நூற்றாண்டு கழித்து, 2025 பிப்ரவரியில், ஒரேயொரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளம் முழுவதுமே முடக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான், அதுவும் அந்தப் படத்தைத் தற்காலிகமாக நீக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, தடை விலகியது.

ஓர் அவதூறு வழக்கில், இந்தியாவிலிருந்து பதிவேற்றப்பட்டவற்றை உலகம் முழுவதும் நீக்க வேண்டும் என்று 2019-இல் தில்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஒருவர் உத்தரவிட்டது எனக்கு இன்னும் கவலை தருகிறது. நம் ஆணை டொராண்டோ வரை செல்லுமென்றால், வேறொரு நாட்டு ஆட்சியின் ஆணை மயிலாப்பூர் வரை வருவதை எந்த வாயால் மறுப்போம்? சிட்னி தேவாலயக் கத்திக்குத்துக் காணொளியை உலகெங்கும் மறைக்க ஆஸ்திரேலியாவின் இணையப் பாதுகாப்பு ஆணையர் கேட்டபோது, அந்நாட்டு நீதிமன்றமே 2024 மே மாதத்தில் இடைக்கால உத்தரவை நீட்டிக்க மறுத்துவிட்டது. நம் நீதிமன்றங்களும் அந்த நிதானத்தைக் கைக்கொள்ள வேண்டும்.

அந்தக் கறுப்புத் திரையில் ஆணையின் எண், தேதி, சட்டப் பிரிவு, காரணம் ஆகிய நான்கையும் தமிழில் அச்சிடுமாறு விதிகளை மத்திய அரசு திருத்த வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
மயிலாப்பூர், சென்னை - 4.