பிடியரிசி போட்ட கைகளுக்கு

சபையாருக்கும் ஊராருக்கும் ஸ்தோத்திரம்.

போன செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரர் வீடு வந்து சேர்ந்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறார், நாலு எட்டு நடக்கிறார், மறுபடி உட்கார்ந்துகொள்கிறார். என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த 23 நாளைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. மதுரை பெரியாஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் பழகிய உடம்பு, சொந்த வீட்டில் படுத்தாலும் ராத்திரி ரெண்டு மணிக்குத் தானாக விழித்துக்கொள்கிறது. அப்படி விழித்த நேரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஆனால் எனக்கு முதலில் சொல்லத் தோன்றுவது ஒரு தகர டின்னைப் பற்றி.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, மாற்றுத்துணி எடுக்கத் திருமங்கலம் பஸ் பிடித்து ஊருக்கு வந்தேன். வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய பால்பவுடர் டின் இருந்தது. பக்கவாட்டில் சிவப்புப் பெயிண்டில் போட்ட சிலுவை பாதி அழிந்திருந்தது. பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. நம் ஆலயத்தின் பிடியரிசி டின். ஆலயத்தை ஒட்டிய வெஸ்டரி அறையின் பரண்மேல் கிடந்தது இங்கே எப்படி வந்தது என்று மூடியைத் திறந்தேன். விளிம்புவரை அரிசி. மேலே ரெண்டு கொத்து வேப்பிலை, நாலு மிளகாய் வற்றல்.

அதை நிறுத்தச் சொன்னவளே நான்தான். மூன்று வருஷத்துக்கு முன் சபைக் கமிட்டியில் எழுந்து பேசினேன். லேடி டோக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவள், காரணங்கள் வரிசையாக வந்தன. 2011-லிருந்து ரேஷன் அரிசி இலவசமாகவே கிடைக்கிறது, கலந்துகட்டி வருகிற அரிசியை ஏலத்தில் எடுக்க ஆளில்லை, வண்டு பிடிக்கிறது, பிள்ளைகள் பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் போனிலேயே காணிக்கை அனுப்புகிறார்கள், வாசலில் க்யூஆர் கோடு அட்டை ஒட்டியாயிற்று, இன்னும் எதற்கு இந்த டின்? எல்லோரும் கை தூக்கினார்கள். கீழத்தெரு அம்மாச்சி மட்டும் ஒன்றும் பேசவில்லை. கூட்டம் முடிந்ததும் டின்னை முந்தானையால் துடைத்து, மூடியை அழுத்தி மூடி, பரண்மேல் ஏற்றச் சொல்லி ஒரு பையனிடம் கொடுத்தார். அன்றைக்கு அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை துணிப்பையில் கொண்டுவந்து ஆலயத்தில் படைப்பார்கள். உபதேசியார் வீட்டு அடுப்பு எரிந்ததும், ஆதரவில்லாதவர்கள் வயிறு நிறைந்ததும் அதில்தான் என்று என் மாமியார் சொல்வார். அவர் காலத்துப் பெண்கள் கையில் காசு புழங்காது. புருஷனிடம் கேட்காமல், யாருக்கும் கணக்குச் சொல்லாமல், ஒரு பெண் தன் கையால் கொடுக்க முடிந்த காணிக்கை அது ஒன்றுதான். அந்தப் பிடியும் கடைசியில் பரிமாறிக்கொள்கிற அவள் தட்டிலிருந்துதான் குறையும். மிசோரம் சபைகளில் பெண்கள் 1910-லிருந்து இப்படிக் கைப்பிடி அரிசி எடுத்துவைத்தே பெரிய ஊழியங்களைத் தாங்கிவருகிறார்கள் என்று நம் போதகரம்மா பிறகு சொன்னார்கள். கமிட்டியில் பேசியபோது இதில் எதையுமே நான் யோசிக்கவில்லை.

சேதி தெரிந்த அன்று சாயங்காலமே அம்மாச்சி பரணிலிருந்து டின்னை இறக்கச் சொல்லி, அதை இடுப்பில் வைத்துக்கொண்டு ரெண்டு தெருவிலும் ஏறி இறங்கியிருக்கிறார். முழங்கால் வலியோடு, வாசல் வாசலாக. “காசு பணமெல்லாம் பிள்ளைக பாத்துக்கிருவாக. நீங்க உலையில போடுறதுல ஒரு பிடி போடுங்கத்தா. டீச்சர் வீட்டுல கிழவியும் ரெண்டு பிள்ளைகளும் கிடக்குதுக” என்றாராம். முதியோர் பென்ஷனும் நூறு நாள் வேலையும்தான் அவருக்கு வருமானம். முதல் பிடி அவருடையது.

அந்த அரிசியை நான் கையில் அள்ளிப் பார்த்தேன். ரேஷன் புழுங்கல், பொன்னி, குண்டு இட்லி அரிசி, கொஞ்சம் பச்சரிசி, எங்கிருந்தோ சிவப்பரிசி. யார் வீட்டுப் பிள்ளையோ ரெண்டு உளுந்தையும் சேர்த்துப் போட்டிருந்தது. அவசரத்தில் அப்படியே உலையில் போட்டேன். பொன்னி குழைந்து கரைந்துவிட்டது, பச்சரிசி பசையாகிவிட்டது, இட்லி அரிசி மட்டும் நடுவில் வெள்ளைப் புள்ளியோடு விறைத்துக்கொண்டு நின்றது. அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதேன். அழுகை சோற்றுக்காக இல்லை, உங்களுக்குத் தெரியும்.

அப்போதுதான் அம்மாச்சி உள்ளே வந்தார். கேட்காமல் அடுப்படிக்குள் வந்தது அதுதான் முதல்முறை. “இது சோத்துக்கு ஆகாது தாயி. ரெண்டு மணி நேரம் ஊற வச்சு, குருணையா உடைச்சுக் கஞ்சியா வை. கஞ்சியில எல்லாம் ஒண்ணா வெந்துரும்.” வெந்தயம், நாலு பல் பூண்டு, இறக்கும்போது ஒரு கை தேங்காய்ப்பூ. என்னை பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு அவரே உட்கார்ந்து கிண்டினார். அன்றிலிருந்து தினமும் வந்தார்.

பதினான்காம் நாள், வாய் வழியாகக் கஞ்சித் தண்ணி கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். போன் போட்ட ஒன்றரை மணி நேரத்தில் கொழுந்தன் மகன் தூக்குவாளியோடு வந்து நின்றான். வடிகட்டி, ஆற்றி, ஸ்பூனில் கொடுத்தேன். ஆறு ஸ்பூன். அதற்குமேல் தலையைத் திருப்பிக்கொண்டு தூங்கிவிட்டார். தூக்கில் ஒட்டியிருந்ததை வெந்நீர் விட்டு அலசி நான் குடித்தேன். அவ்வளவு ருசியாக நான் எதையும் குடித்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்த நன்றி பாதியில் நின்றுவிடும். சிலருக்குக் கசக்கலாம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

1834-இல் அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்து பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டிய கதையை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். 1847-இல் நடந்ததைச் சொல்வதில்லை. சாதியை விட்டால்தான் சபையில் அங்கம் என்று அந்த மிஷன் அந்த ஆண்டு தீர்மானம் போட்டது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அதற்குப் பரீட்சை. சாப்பிட மனமில்லாமல் விலகிப்போனவர்களில் வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களும் உண்டு. ஒரு நூற்றாண்டு கழித்து 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி பல சபைகள் சேர்ந்து ஒரே தென்னிந்தியத் திருச்சபை ஆயின. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து வாங்குகிறோம். ஆனால் நான் வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம் என் மாமியார் என்னிடம் சொன்ன முதல் புத்திமதிகளில் ஒன்று, கீழத்தெருவில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதே என்பது. படித்தவள் நான், ஏன் என்று கேட்கவில்லை. அப்படியே நடந்துகொண்டேன். அதற்காக அம்மாச்சியிடமும் கீழத்தெருவில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் மாமியார் குடித்தது முழுக்க அம்மாச்சி கை வைத்த கஞ்சி. முதல் நாள் கிண்ணத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பேசாமல் இருந்தாராம். பிறகு குடித்தாராம். என் பெண் போனில் சொன்னாள். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார். தரையில் உட்காரப் போன அம்மாச்சியை, “முழங்கால் வலின்னு சொல்றியே, மேல உக்காரு” என்று நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டிருக்கிறார். பேச்சு வாக்கில் தெரியவந்தது, ரெண்டு பேருக்கும் ஒரே நாளில்தான் திருவிருந்துக்குச் சேர்க்கிற திடப்படுத்தல் நடந்திருக்கிறது. பேராயர் முன்னால் பக்கத்துப் பக்கத்தில் முழங்கால் போட்டவர்கள். இந்த ஊரிலேயே பிறந்து இந்த ஊரிலேயே கிழவிகளானவர்கள், ஒருத்தர் அடுப்படியை ஒருத்தர் பார்க்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல வரவில்லை. நம் கல்லறைத் தோட்டத்தில் வடபக்கம், தென்பக்கம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அடுத்த கமிட்டியில் அதை நான் எழுப்பப் போகிறேன். டின்னை நிறுத்தச் சொல்லிப் பேசிய அதே வாயால் இதையும் பேசுவேன். என்கூட யாரெல்லாம் எழுந்து நிற்பீர்கள் என்று இப்போதே கேட்டுவைக்கிறேன்.

மற்ற எல்லோரையும் சேர்த்துக் கும்பிடுகிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு வேன் பிடித்து வந்து ரத்தம் கொடுத்த வாலிபர் ஐக்கியத் தம்பிகள். பாட்டுப் பயிற்சியை எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மாற்றிப் பிள்ளைகளைத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்ட மாதர் சங்கத்து அக்காமார். வாடகை வாங்காத ஆட்டோ அண்ணன். எங்கள் மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டுப் பால் கறந்த பக்கத்து வீட்டுப் பாய் குடும்பம். பாண்டி கோயிலில் நேர்ந்துகொண்டு வந்து, கோபித்துக்கொள்ளாதீங்க டீச்சர் என்று சொன்ன என் வகுப்புப் பிள்ளையின் அம்மா. நான் ஏன் கோபிக்கப்போகிறேன் தாயே. நர்ஸம்மாக்கள், வார்டைக் கூட்டிப் பெருக்குகிற அக்கா, பெயர் தெரியாத பக்கத்துப் படுக்கைக்காரர்கள், எல்லோருக்கும்.

நம் போதகரம்மாவுக்குத் தனியாக ஒரு வரி. திருச்சபையில் பெண்ணுக்குக் குருப்பட்டம் 1976-லேயே கொடுத்தாயிற்று என்றாலும், நம் ஊருக்கு ஒரு பெண் போதகர் வந்தபோது எப்படிக் கூப்பிடுவதென்றே நமக்குத் தெரியவில்லை. போதகர் மனைவியைத்தானே ஐயரம்மா என்று கூப்பிட்டுப் பழகியிருந்தோம். அந்த மோசமான ராத்திரியில் அவர்கள் என் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார்கள். ஜெபம்கூட உடனே பண்ணவில்லை. என் தலைமுடியைக் கோதிச் சடை பின்னிவிட்டார்கள். ரெண்டு நாளாக நான் தலை வாரவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அம்மாச்சியின் பெயரைப் போடவா என்று கேட்டேன். “பேரெல்லாம் எதுக்கு. டின்ன மட்டும் திரும்பப் பரண்ல ஏத்திராத” என்றார்.

ஏற்ற மாட்டேன் அம்மாச்சி. நேற்று கழுவி வெயிலில் காயவைத்தேன். இன்று காலை உலைக்கு அளந்ததும் ஒரு பிடி போட்டேன், மாமியாரும் எழுந்து வந்து ஒரு பிடி போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கொண்டுவருகிறேன். வேப்பிலையும் மிளகாய் வற்றலும் போட்டிருக்கிறேன், வண்டு வராது.

உங்கள்
மேலத்தெரு டீச்சர்